சூப்புக்காரியின் மகள்

எங்கள் பிளாட்டில் அந்தப் பெண்ணின் அம்மா யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஓர் அம்மா தெரியும், அதுதான் சிக்கல். கோடி வீட்டு அக்காவுக்குத் தெரிந்த அம்மா, அழிந்துபோன ஒரு கிரகத்தின் மகாராணி. என் தம்பிக்குத் தெரிந்த அம்மா, எதிரிப் படையில் மறைந்து வேலை செய்யும் ஒரு விஞ்ஞானி. வீடியோ கடையில் இருந்த அண்ணன், அவளுக்கு அம்மாவே கிடையாது, அவள் மனுசியே இல்லை, இயந்திரம் என்று அடித்துச் சொல்வார். அதைக் கேட்டதிலிருந்து கோடி வீட்டு அக்கா அவரிடம் டேப் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நான் சொல்வது தொலைக்காட்சியில் வந்த ஒரு விண்வெளித் தொடரை. எண்பதுகளில், சனிக்கிழமை சாயங்காலங்களில் வரும். ஆங்கிலத்தில் பேசுவார்கள், கீழே மலாயில் எழுத்து ஓடும். கதாநாயகி ஒரு விமானி. வானத்தில் தானியம் ஏற்றிப்போன ஒரு கலத்தில், மூட்டைகளுக்கு நடுவே கைக்குழந்தையாகக் கிடந்தவளைக் கலத்தின் ஆட்களே தூக்கி வளர்த்தார்கள். அவளைப் பெற்றவர்கள் யார் என்பதுதான் கதை. சண்டை, வெடி, ராட்சத மிருகம் எல்லாம் அதற்கு மேல் போட்ட மசாலா. தமிழ்ப்படமாக இருந்தால் கழுத்தில் ஒரு பாதிச் சங்கிலி, கையில் ஒரு மச்சம், குடும்பமாகப் பாடின ஒரு பாட்டு என்று ஏதாவது இருக்கும், மூன்று மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இவளிடம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல முடிந்தது.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் மாடியில் எங்கள் வீட்டில்தான் கலர் டிவி இருந்தது. அப்பா லோரி ஓட்டினார். அக்கரையில் பிறைக்கும் ஜுருவுக்கும் நாலு நடை போய்விட்டு வந்து, அந்த நேரத்துக்கு நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருப்பார். மாடியில் உள்ளவர்கள் நடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். தம்பி மலாய் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வான். பாதியை அவனே சேர்த்துச் சொல்வான் என்பது எனக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து வந்தால் எதிரித் தளபதி கூட "டேய், விடமாட்டேன்லா" என்றுதான் மிரட்டுவார்.

எல்லாரும் பேசுவார்கள். அவளுக்கு மூக்கு மகாராணியின் மூக்கு, நடை விஞ்ஞானியின் நடை என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள். அப்படிப் பேசும்போது ஒருவர் கூட என் பக்கம் திரும்ப மாட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

ஏனென்றால் நான் சீனப் பிள்ளை. இதை ரகசியம் போலச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, என் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கே அது சாதாரணம். சீனக் குடும்பத்தில் பெண் குழந்தை வேண்டாமென்றால், ஜாதகம் சரியில்லை என்றால், வீட்டில் ஏற்கெனவே கூட்டம் என்றால், தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத தமிழர்கள் வாங்கி வளர்ப்பார்கள். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் சொந்தப் பிள்ளை பின்னாலேயே வரும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. என் பின்னால் தம்பி வந்தான். கோடி வீட்டு அக்கா என்னை ராசிக்காரி என்பார். யாருக்கு ராசி என்று நான் கேட்டதில்லை.

எனக்கு மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள், தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார்கள். தைப்பூசத்துக்குப் பாவாடை தாவணியில் பால்குடம் எடுத்து நடந்தால் வெள்ளைக்காரர்கள் முருகனை விட்டுவிட்டு என்னைப் படம் பிடிப்பார்கள். எங்கோ யார் வீட்டு ஆல்பத்திலோ நான் நெற்றி நிறைய விபூதியோடு முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு வராதது ஒன்றே ஒன்று, இங்குள்ள சீனர்களின் பாஷையான ஹொக்கியன். பினாங்கில் ஹொக்கியன் தெரியாமல் யாரும் இல்லை. மீன் வாங்குவது, பஸ்ஸில் சண்டை போடுவது எல்லாம் அதில்தான். அம்மா வெளுத்து வாங்குவாள். சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு, சீனத்துக் கடைக்காரனிடம் அவன் பாஷையில் பேரம் பேசி அவனையே திணறடிப்பாள். தம்பி தெருவில் விளையாடியே கற்றுக்கொண்டான். எனக்கு மட்டும் அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே சீனப் பிள்ளைகளோடு விளையாடப் போனால் கூப்பிட்டுவிடுவாள். காப்பிக் கடையில் யாராவது என் முகத்தைப் பார்த்து ஹொக்கியனில் பேசுவார்கள், நான் மலாயில் பதில் சொல்வேன், சொந்தப் பாஷை தெரியாதவள் என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள். அவமானமாக இருக்கும். அழுதிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மாவிடம் நேராகவே ஒருநாள் கேட்டேன், என்னைப் பெத்தவங்க யாரும்மா என்று. அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "அம்மாவக் கேளு," என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் வீட்டில் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதற்காக அது போய்விட்டதா என்ன? பிறையில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, என் காலில் நான் நிற்க ஆரம்பித்த பிறகும் அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. என்னைப் பெற்றவள் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. அம்மாவிடம் கேட்க முடியாததை அந்தப் பெண்ணை வைத்துக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கூட்டம் பேசி ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்பேன். "நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க? இவளப் பெத்தவ யாரு?"

முதலில் "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, கலத்தின் கேண்டீன் காட்சி வந்தது. விமானிகள் வரிசையில் நிற்கிறார்கள். முண்டாசு கட்டின ஒரு பெண் பெரிய பாத்திரத்திலிருந்து சூப்பு ஊற்றுகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "இவதான்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். "சூப்புக்காரியா?" என்றான் தம்பி. "ஏம்மா, அவ சும்மா ஓரமா நிக்கிற ஆளுலா!"

"சிரிங்க, சிரிங்க," என்றாள் அம்மா. "பெத்தவ தூரத்துல இருக்க மாட்டா. அங்கயேதான் சுத்திக்கிட்டு இருப்பா. இவளுக்குத்தான் தெரியாது. பாரு, மத்தவன் மூஞ்சியப் பாத்து ஊத்துறா. இவ வந்தா குனிஞ்சுக்கிட்டே ஊத்துறா."

அம்மா தொடரைப் பற்றிப் பேசவில்லை, எனக்கு ஏதோ சொல்கிறாள் என்று அந்த நிமிடமே முடிவுகட்டிவிட்டேன். நேராகச் சொல்ல வாய் வராமல் சுற்றிவளைத்துச் சொல்கிறாள். என் அம்மா அப்படிப்பட்டவள்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையே அவள் முருங்கைக்காய் விலையில் ஆரம்பித்துத்தான் சொல்வாள்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் பாசாருக்கு, அதாவது காய்கறிச் சந்தைக்குப் போனோம். நான் தவழும் வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைப் பாசாருக்கு அழைத்துப் போவாள். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது போல ஒன்று தெரிந்தது. தவ்கே என்று நாங்கள் சொல்கிற முளைப்பயறு அந்தப் பாசாரில் வாசலிலேயே கிடைக்கும். அம்மா வாசல் கடையைத் தாண்டுவாள், நடுக் கடையையும் தாண்டுவாள், ஈரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியில் சாக்கடையோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு சீனத்து அம்மாவிடம்தான் வாங்குவாள். எப்போதும் அவரிடம்தான். அவர் கைகள் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும். தவ்கேயை அள்ளிப் பையில் போட்டு, கூட ஒரு பிடி போடுவார். தலை நிமிரவே மாட்டார்.

அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கூட ஒரு பிடி எனக்குத்தான் என்றும் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தத் தவ்கேயை அம்மா வதக்கிப் போட்டபோது நான் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

அதிலிருந்து பாசாருக்குப் போவது எனக்குத் தொடர் பார்ப்பதை விட முக்கியமாகிவிட்டது. சனிக்கிழமை அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்பேன், ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிபார்ப்பேன். "அவளுக்குப் பசங்க இருக்கணும், அந்தக் கையப் பாத்தா தெரியுது," என்று அம்மா சூப்புக்காரியைச் சொன்னாள். தவ்கேக்காரம்மாவின் பக்கத்தில் பையன் ஒருவன் கூடை அடுக்குவதைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருக்கும். அவர் கை தண்ணீரிலிருந்து வெளியே வரட்டும் என்று காத்து நின்றேன். ஒருநாள் வந்தது. விரல் நேராக இருந்தது. சரி, என்னைப் பெற்ற அப்பாவுக்கு வளைந்திருக்கும் என்று அடுத்த நிமிடமே சமாதானம் செய்துகொண்டேன். மகாராணியின் மூக்கைப் பற்றிப் பேசின கோடி வீட்டு அக்காவை நான் கிண்டல் செய்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஃபேக்டரியில் என் லைனில் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பெண் இருந்தாள். என் வயதுதான். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். அவளும் அந்தத் தொடரின் பைத்தியம். அவள் கணக்கில் தளபதிதான் அப்பா. பஸ் பாலத்தில் ஏறினால் பிறையில் இறங்கும் வரை அதே வாதம்தான். எனக்கு ஹொக்கியன் சொல்லிக்கொடு என்று ஒருநாள் கேட்டேன். என்ன வேண்டும் என்றாள். ஒரு வாக்கியம் போதும் என்றேன். ஆன்ட்டி, முன்னே உங்களுக்குப் பிறந்த ஒரு பெண் குழந்தையை யாருக்காவது கொடுத்தீர்களா. அதைக் கேட்டவுடன் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பெண். ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொடுத்தாள். போர்டில் சின்னச் சின்னச் சில்லுகளை வைத்துக்கொண்டே நான் முணுமுணுத்துப் பழகினேன். சூப்பர்வைசர் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"பதில் சொன்னா என்ன செய்வே?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"ஆமா, இல்லன்னு சொல்வாங்க. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும்," என்றேன். நான் கூட வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பாசாருக்குப் போனேன். முதலில் தவ்கே கேட்டேன். அவர் அள்ளினார். பையை நீட்டும்போது அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தவறில்லாமல்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுதான் முதல் தடவை. பிறகு பேச ஆரம்பித்தார். ஆமாம் என்றோ இல்லை என்றோ இல்லை. நீளமாக, கையை ஆட்டி, நடுவில் ஒருமுறை சிரித்து, ஒருமுறை சீனத்துக் கோயில் பக்கம் கையைக் காட்டி, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசினார். பக்கத்து மீன்காரர் ஏதோ சொன்னார், அவருக்கும் பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல் கூடப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றேனே, முகத்தில் எல்லாமும் இருந்தது. சந்தோஷமும் இருந்தது, சலிப்பும் இருந்தது. நான் கேட்கக் கற்றுக்கொண்டேனே தவிர, பதிலைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது! அவர் பேசி முடித்து என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பையோடு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அம்மா எழுந்து நடமாடி, "நானே போறேன்," என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் நடையிலேயே போய் நின்றுகொண்டேன். அவள் திரும்பி வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தம்மாவுக்கு மூணும் பசங்களாம். பொண்ணே பொறக்கலியாம்."

"அவங்க ரொம்ப நேரம் பேசுனாங்கம்மா."

"மத்ததெல்லாம் பசங்களப் பத்தின புலம்பல். கோயில்ல போயிக் கேட்டாளாம் பொண்ணு வேணும்னு. கெடைக்கல."

அவ்வளவுதான். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. கோபப்படவில்லை. தவ்கேயின் வாலைக் கிள்ளிக் கிள்ளி முறத்தில் போட்டாள், அன்றைக்குக் குழம்பும் நன்றாக இருந்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்றால் பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஃபேக்டரித் தோழியை அழைத்துப்போய்த் திரும்பக் கேட்டிருக்கலாம். வேலை விட்டு அவள் சிங்கப்பூர் போகும்வரை எனக்கு நேரம் இருந்தது. கேட்கவில்லை. அவளும் வந்து, மூன்று பையன்கள்தான் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இதற்கிடையில் தொடரும் நின்றுபோனது. ஒரு சனிக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது. அடுத்த வாரமும் அதே. அவளைப் பெற்றவர்கள் யார் என்பதைச் சொல்லாமலேயே முடித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் எங்கள் மாடியே எழவு வீடு மாதிரி இருந்தது. பிறகு வதந்திகள் வந்தன. லண்டனில் மீதியைப் போட்டுவிட்டார்களாம், மகாராணிதானாம், இல்லை தளபதியாம். யாரோ ஒருவரின் யாரோ பார்த்ததாகச் சொல்வார்கள். கேட்கக் கேட்க நான் சண்டைக்குப் போவேன். ஃபேக்டரி கேண்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சூப்புக்காரிக்காக வாதாடுவேன். அவள் எந்தக் காட்சியில் எந்தப் பக்கம் நின்றாள், எப்போது குனிந்தாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலை இல்லை. சூப்புக்காரி பொய்யென்றால் தவ்கேக்காரம்மாவும் பொய்.

வருடங்கள் ஓடின. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மாவிடம் பதமாக விசாரித்துவிட்டுப் போனார்கள். என்ன சாதி என்று அம்மா சொன்னால், அது உங்களுக்கு, பெண்ணுக்கு என்ன என்று கேட்டவர்களும் உண்டு. கடைசியில் கல்யாணமே நடக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு முட்டிவலி வந்தது, பாசார் போகிற வேலை முழுதாக என் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாக்கடையோரம் போய் நிற்பேன். தவ்கேக்காரம்மா பழையபடி தலை குனிந்தே அள்ளிப் போடுவார். நான் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கூடத் தெரியாது. அந்தக் கூட ஒரு பிடி மட்டும் எப்போதும் இருக்கும். நான் அதை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளினேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் தம்பி ஒரு டேப்போடு வந்தான். அப்போது அவன் ஜுருவில் கார்ப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். கூட வேலை செய்தவனின் சொந்தக்காரர் இங்கிலாந்திலிருந்து அனுப்பியதாம். தொடரின் கடைசிப் பகுதி. சனிக்கிழமை சாயங்காலமே போட வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். நரைத்த தலையோடு கோடி வீட்டு அக்கா வந்தார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். மலாய் எழுத்து இல்லை. தம்பி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்தப் பெண் தன் தானியக் கலம் புறப்பட்ட துறைக்கே தேடிப் போகிறாள். அங்கே மூட்டை தூக்கும் ஒரு கிழவன் இருக்கிறான். அவன் சொல்கிறான், அந்த வருடம் கொள்ளைநோய், புறப்படுகிற கலத்தில் எல்லாம் ஜனங்கள் குழந்தைகளைப் போட்டார்கள், எதில் யார் போட்டார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, போட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மகாராணி இல்லை, விஞ்ஞானி இல்லை. பெயரில்லாத யாரோ. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் கலத்தில் ஏறிப் போய்விடுகிறாள். கேண்டீன் ஒருமுறை வந்தது. சூப்பு ஊற்றினது வேறொருத்தி.

"இதுக்கா இத்தன வருஷம்!" என்று தம்பி கத்தினான். "ஏமாத்திட்டானுங்கலா!" கோடி வீட்டு அக்கா, எழுதினவனுக்குக் குடும்பம் இருக்காது என்று சபித்துவிட்டுச் செருப்பை மாட்டினார். அவரை வீடு வரை கொண்டுவிடத் தம்பி போனான்.

அம்மா டிவியைப் பார்த்தபடியே, "அவனுக்கு என்ன தெரியும். சூப்பு ஊத்துனாளே, அவதான்," என்றாள்.

எனக்கு அப்போதும் ஓர் ஆசை எழும்பியது. நாற்காலிப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். "நீங்க எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "பயந்தவளுக்குத்தான் தெரியும்," என்றாள். "உன்னத் தூக்கிக்கிட்டுப் பாசாருக்குப் போன நாள்லேருந்து அதே வேலைதானே எனக்கு. எந்தச் சீனப் பொம்பள உன்னக் கொஞ்சம் கூடப் பாக்குறா, எவ கண்ணு உம்மேல நிக்குதுன்னு. மீன்காரி உன் கன்னத்தக் கிள்ளுனா. அப்புறம் அந்தப் பக்கம் நான் போகல. தவ்ஹூ விக்கிறவ உனக்கு பிஸ்கட் குடுத்தா, அவளையும் விட்டுட்டேன். வாசல்ல தவ்கே வித்தவ உன் பேரக் கேட்டா. பெத்தவ அங்கதான் எங்கயோ நிக்கிறா, இன்னைக்கு வந்து கேப்பா, நாளைக்கு வந்து கேப்பான்னு ஒவ்வொரு வாரமும் செத்துப் பொழைச்சேன்."

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது பாப்பா. மருத்துவச்சி துண்டுல சுத்திக் கொண்டாந்து குடுத்தா. எந்தத் தெருன்னு கூட நான் கேக்கல. கேட்டா, மனசு மாறித் திருப்பிக் கேட்டுருவாங்களோன்னு பயம். நீ பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அவளும் செத்துட்டா. அந்தப் பாஷையவே உனக்குச் சொல்லிக் குடுக்கலியே நான். எவளாச்சும் கூப்பிட்டா உனக்குப் புரியக் கூடாதுன்னுதான்."

"அப்ப அந்தத் தவ்கேக்காரம்மா?" என்றேன்.

"அவளா?" என்றாள் அம்மா. "அந்தப் பாசார்லயே உன்ன ஒரு தடவ கூட நிமிந்து பாக்காதவ அவ ஒருத்திதான். அதனாலதான் அவகிட்ட வாங்குனேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என்னைக் கிள்ளினவள், பிஸ்கட் கொடுத்தவள், பேரைக் கேட்டவள் எல்லாரையும் அம்மா ஒவ்வொருத்தியாகக் கழித்துவிட்டாள். அவர்களில் யாராவது ஒருத்தி என்னைப் பெற்றவளாக இருந்திருந்தால், அவள் என்னைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையே நான் அவளைக் கடைசியாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை. ஒருத்தியும் இல்லாமலும் இருக்கலாம், அவர்கள் குழந்தையென்றால் கொஞ்சுகிற சாதாரண வியாபாரிகளாக இருக்கலாம். யாருடைய முகமும் எனக்கு ஞாபகமில்லை. இப்போது அங்கே அவர்கள் யாரும் இல்லை. மிச்சமிருந்தவர், எனக்கு யாருமாக இருக்க முடியாதவர் என்று பார்த்து அம்மா பொறுக்கின ஆள். அவருக்குப் பின்னால்தான் நான் இத்தனை வருடம் அலைந்திருக்கிறேன்.

அம்மாவைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவள் முட்டியில் என் கை இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை. அவள் பயந்ததில் எதுவும் நடக்கவில்லை, ஒருத்தியும் வந்து என்னைக் கேட்கவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

தம்பி திரும்பி வந்து, டேப்பைத் திருப்பிச் சுற்றட்டுமா, இன்னொரு தரம் பார்க்கிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் பாசாருக்குப் போனேன். வாசலில் தவ்கே இருந்தது, நடுவிலும் இருந்தது. கால் பழக்கத்தில் சாக்கடையோரம் போய் நின்றது. தவ்கேக்காரம்மா நன்றாகக் கிழவியாகியிருந்தார், கை மட்டும் அதே தொட்டிக்குள் இருந்தது. அள்ளிப் பையில் போட்டார். கூட ஒரு பிடி போட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர் அடுத்த ஆளுக்கு அள்ள ஆரம்பித்தார், தலை நிமிரவில்லை.